கடல்மீன் தொட்டியும் வெண்புள்ளி நோயும்

வீட்டு முன்கூடத்திற் கடல்மீன் தொட்டி அமைத்திருப்போர் பலருக்கு நேர்ந்த அனுபவம் ஒன்று உண்டு. கடையிலிருந்து புதிதாக வாங்கிவந்த நீல மீன் ஒன்று தொட்டியில் விடப்படுகிறது. ஒரு கிழமை கழிந்தபின், ஒரு நாட் காலையில் அதன் துடுப்புகளிலும் முதுகிலும் உப்புத்தூள் தூவினாற்போல வெண்ணிறப் புள்ளிகள் சில காணப்படுகின்றன. மீன் இடையிடையே பாறையில் உடலை உராய்கிறது. இரை தின்பதிற் குறைவில்லை. வீட்டார் கவலை கொள்கின்றனர். யாரோ கூறிய மருந்து தொட்டியில் ஊற்றப்படுகிறது. உள்ளிச்சாறு இரையிற் கலந்து கொடுக்கப்படுகிறது. நான்கு நாள் செல்லப் புள்ளிகள் யாவும் மறைந்துவிடுகின்றன. மருந்தும் உள்ளியும் பாராட்டுப் பெறுகின்றன. அடுத்த கிழமையோ, புது மீனில் மட்டுமன்றித் தொட்டியிலுள்ள எல்லா மீன்களிலும் நூற்றுக்கணக்கிற் புள்ளிகள் எழுகின்றன. அதற்கும் அடுத்த கிழமையில் தொட்டி இருக்கிறது, நீர் இருக்கிறது, மீன்கள் இல்லை.

இதனை அசட்டையால் வந்த கேடு என்று கூறுதல் பொருந்தாது. அவ்வீட்டார் நாள்தோறும் தொட்டியைக் கவனித்தவர்களே. அவர்கள் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொண்டனர். புள்ளிகள் மறைந்த நாளை நோய் தீர்ந்த நாள் என எண்ணினர். உண்மையில் நோய் மீனை விட்டிறங்கித் தொட்டியைக் கைப்பற்றிய நாள் அதுவே. இந்த ஒரு செய்தியைத் தெளிவாக அறிந்தவர் தம் மீன்களைக் காப்பாற்றும் வழியிற் பாதியைக் கடந்தவராவார்.

காப்பாற்ற வேண்டிய கடமையும் சிறிதன்று. நன்னீர்த் தொட்டிகளில் வாழும் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளிற் பிறந்து வளர்ந்தவை. கடல் அலங்கார மீன்களிலோ கோமாளி மீன் போன்ற சில இனங்கள் நீங்கலாக, மிகப் பெரும்பாலானவை முருகைக்கற்பார்களிலிருந்து உயிருடன் பிடிக்கப்படுபவை. இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் இத்தொழில் நடைபெறுகிறது. சுழியோடிகள் தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்திற் கிழக்குக் கரையிலும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு, தெற்குக் கரைகளிலும் மூழ்கி மீன்களைப் பிடிக்கின்றனர். அவை பொலித்தீன் பைகளில் நீரும் ஒட்சிசனும் நிரப்பி அடைக்கப்பட்டு விமான மூலம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் யப்பானுக்கும் செல்கின்றன. ஒரு சில உள்நாட்டு வீடுகளையும் அடைகின்றன. எவ்வீட்டை அடைந்தாலும், அங்கு இறக்கும் ஒவ்வொரு மீனுக்கும் ஈடாகக் கடலிலிருந்து மற்றொன்று எடுக்கப்படும் என்பதை மறத்தலாகாது.

வெண்புள்ளி நோயை விளைவிப்பது ஒருகலவுயிர் ஒன்று. உடல் முழுவதும் நுண்ணிய பிசிர்களால் மூடப்பட்டு, அவற்றை அசைத்து நீந்தும் இயல்புடையது. யப்பானிய அறிஞர் சிக்காமா என்பவர் 1930களின் பிற்பகுதியில் இதனைப்பற்றி எழுதினார். பின்னர் 1951 ஆம் ஆண்டில், இலண்டன் விலங்கியற் சங்கத்தின் மீன்காட்சிச்சாலையில் நோயுற்ற மீன்களை ஆராய்ந்த ஈ. எம். பிரவுண் என்பவர் இதற்குக் கிரிப்டோகரியோன் இரிற்றன்ஸ் என்னும் பெயரைச் சூட்டினார். முற்சொல் கிரேக்க மொழியில் மறைந்திருக்கும் கருவைக் குறிக்கும். பிற்சொல் இலத்தீனில் எரிச்சலூட்டுவது எனப் பொருள்படும். மீன் பாறையில் உராய்வதைக் கண்டோருக்குப் பிற்சொல்லின் பொருத்தம் விளங்கும். மறைந்திருத்தல் என்பதும், வேறொரு கருத்தில், இதற்கு நன்கு பொருந்துவதை இனிக் காணலாம்.

நன்னீர் மீன்களுக்கும் வெண்புள்ளி நோய் உண்டு. ஆயின் அதனை உண்டாக்கும் உயிர் வேறு. இதற்கு நெருங்கிய உறவினதும் அன்று. இரண்டும் ஒன்றுபோல வாழப் பழகிக்கொண்டன என்பதே ஒற்றுமை. நன்னீர் நோய்க்கு நீரைச் சற்றுச் சூடாக்கிச் சிறிது உப்பிடுதல் பழைய வைத்தியம். அதனை நினைவிற்கொண்டு கடல்மீன் தொட்டியையும் சூடாக்குவோர் உளர். இங்கு அதனாற் பயனில்லை. வெப்பம் ஏறினால் ஒட்டுண்ணியின் பருவங்கள் விரைந்து நிகழ்கின்றன. மீனுக்கு வேண்டிய ஒட்சிசனோ நீரிற் குறைகிறது.

இனி இவ்வுயிரின் வாழ்க்கை வட்டத்தைச் சற்று நிதானமாக நோக்குதல் வேண்டும். எந்த மருந்து எப்போது பயன்படும், எது ஒருபோதும் பயன்படாது என்பதெல்லாம் அதிலேயே அடங்கியுள்ளது.

மீனின் உடலிற் காணப்படும் வெண்புள்ளி ஒட்டுண்ணியின் முதற் பருவம். அது தோலின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. அது தோலின் மேலணியைத் துளைத்து அதன் அடியிற் புகுந்து, ஓயாது சுழன்றவண்ணம் மீனின் கலங்களையும் உடற்பாயத்தையும் உண்கிறது. நன்கு வளர்ந்தபோது ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் பருமன் அடையும். புள்ளியாகத் தெரிவது, அதன்மேற் புடைத்து நிற்கும் மீனின் தோலுமாகும். எனவே நீரிற் கலக்கும் மருந்து மீனின் தோலைத் தாண்டி அதனை அடைவதில்லை. இப்பருவம் மூன்று முதல் ஏழு நாள்வரை நீடிக்கும். தோலிற் போலவே பூக்கள் எனப்படும் செவுள்களிலும் அது குடியேறும். அங்கிருப்பதைக் கண்ணாற் காணல் அரிது. மீனைக் கொல்வதோ பெரும்பாலும் அதுவே.

வயிறு நிறைந்ததும் ஒட்டுண்ணி மீனைவிட்டு வெளியேறுகிறது. புள்ளி மறைகிறது. வெளியேறியது தொட்டியின் அடியிற் சில மணி நேரம் ஊர்ந்து திரிந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றித் தடித்த சுவரொன்றை அமைக்கிறது. இதுவே சிறைப்பைப் பருவம். அச்சுவருக்குள் ஓருயிர் இரண்டாகி, இரண்டு நான்காகி, முடிவில் இருநூறு வரையான சிற்றுயிர்கள் ஆகின்றன. சுவரோ மருந்துகளை உட்புக விடாது. வெண்புள்ளி நோயை வெல்லுதல் கடினமாயிருப்பதன் முதற் காரணம் இச்சுவரே.

சிறைப்பைகள் யாவும் ஒரே நாளில் வெடிப்பதில்லை. பல, மூன்றாம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் இடையில் வெடிக்கின்றன. ஆய்வுகூடத்தில் 72 ஆம் நாள்வரை காத்திருந்து வெடித்தனவும் உண்டு. ஒரே தாய்மீனிலிருந்து ஒரே இரவில் இறங்கியவைகூட வெவ்வேறு நாளில் வெடிக்கலாம். சிறைப்பையிலிருந்து வெளிவரும் சிற்றுயிர்கள் நீந்தித் திரிந்து மீனைத் தேடுகின்றன. ஒரு நாளுக்குள் மீனை அடையாவிடின் அவை இறந்தொழியும். முதல் ஆறேழு மணி நேரத்தின்பின் அவற்றின் வலிமையும் வெகுவாகக் குன்றும். இங்கு இயற்கையின் சூழ்ச்சியொன்று வியத்தற்குரியது. இச்சிற்றுயிர்கள் பெரும்பாலும் நள்ளிரவு கடந்து விடியலுக்கு முன்னும் பின்னுமான நேரத்தில் வெளிவருகின்றன. மீன்கள் பாறையிடுக்குகளில் அசையாது உறங்கும் வேளை அது. சிறைப்பைகள் ஒட்டியிருக்கும் இடமும் அப்பாறைகளே.

இப்பொழுது கணக்கு விளங்கும். திறந்த கடலில் ஒரு சிறைப்பையிலிருந்து வெளிவரும் இருநூறு சிற்றுயிர்களை நீரோட்டம் நாற்புறமும் சிதறடிக்கிறது. ஒன்றிரண்டு மீனை அடைந்தாலும் பெரும் பேறு. அதனாற் கடலில் வாழும் மீனின் உடலில் ஓரிரு ஒட்டுண்ணிகள் இருப்பினும் அவை அதனைக் கொல்வதில்லை. இருநூறு இலீற்றர்த் தொட்டியிலோ சிதறுவதற்கு இடமில்லை. பத்தில் ஒன்று மீனை அடைகிறதென வைத்துக்கொண்டால், ஒன்று இருபதாகும். அடுத்த சுற்றில் நானூறாகும். அதற்கடுத்த சுற்றில் எண்ணாயிரமாகும். கடலில் அரிதாய் இருந்த இந்நோயின் பெயர் ஒரு காட்சிச்சாலையின் தொட்டியிலிருந்து பிறந்ததில் வியப்பில்லை. மற்றிரண்டின் வரலாறும் இவ்வாறே. வெல்வெற் நோயின் ஒட்டுண்ணியை 1931 இல் விவரித்தவரும் இலண்டனில் ஆராய்ந்த பிரவுணே. கோமாளி மீன்களைக் கொல்லும் புரூக்ளினெல்லா என்பது, லொம், நிக்ரெல்லி என்னும் இருவரால் 1970 இற் பெயரிடப்பட்டது. நியூயோர்க் மீன்காட்சிச்சாலை அமைந்துள்ள புரூக்ளின் பகுதியின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. இவை மனிதன் கடலைக் கண்ணாடிக்குள் அடைத்தபோது பெருகிய நோய்கள்.

வாழ்க்கை வட்டத்தை அறிந்தபின், வழக்கிலுள்ள சில வைத்தியங்களின் தராதரத்தைக் கூற அதிக நேரம் வேண்டியதில்லை. உள்ளிச்சாறு மீனுக்கு இரையில் விருப்பத்தைத் தூண்டலாம், ஒட்டுண்ணியை அகற்றாது. தூய்மையாளர் எனப்படும் சிறு மீன் பிற மீன்களின் உடலைக் கொத்தித் துப்புரவாக்குவது உண்மையே. ஆயின் அது கடலில் தின்பவை, மீனின் குருதியை உறிஞ்சும் சிறு கணுக்காலிப் பூச்சிகளின் குஞ்சுகளாம். தோலுக்கடியில் மறைந்திருக்கும் ஒருகலவுயிரை அது எடுப்பதில்லை. அம்மீன் தொட்டியிற் போதிய இரையின்றி மெலிந்து இறப்பதே பெரும்பான்மை. ஊதாக்கடந்த ஒளிவிளக்கு, தன்னூடாகச் செல்லும் நீரிலுள்ள சிற்றுயிர்களைக் கொல்லும். விளக்கின் பக்கமே வராது பாறையிலிருந்து நேரே உறங்கும் மீனை அடைபவற்றை அது என் செய்யும்? முருகைகளுக்கும் இறால்களுக்கும் தீங்கற்றது என்னும் விளம்பரத்துடன் விற்கப்படும் போத்தல் மருந்துகள் பல உண்டு. அவற்றை ஊற்றியபின் புள்ளி மறைகிறது, ஊற்றாவிடினும் மறைந்திருக்கும். மருந்தின் நட்டத்தினும், அதனை நம்பிக் கழித்த பத்து நாளின் நட்டமே பெரிது.

ஆகவே செய்யத்தக்கது ஒன்றே. தொட்டியிலுள்ள மீன்கள் அனைத்தையும் வேறொரு தொட்டிக்கு மாற்றி அங்கு மருத்துவம் செய்தல் வேண்டும். பழைய தொட்டியை மீனின்றி விட்டுவைத்தல் வேண்டும். புள்ளி உள்ள மீனை மட்டும் மாற்றிப் புள்ளியில்லாதவற்றை விட்டுவைத்தல் கூடாது. பாறைகளுக்கிடையில் ஓடி ஒளியும் மீன்களைப் பிடிக்க, அரும்பாடுபட்டு அடுக்கிய பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க நேரிடலாம். பலர் இதற்கு அஞ்சியே மருந்துப் போத்தலை நாடுகின்றனர்.

மாற்றுவதற்கு முன், வந்திருப்பது எந்நோய் என அறிதல் அவசியம். வெண்புள்ளி நோயிற் புள்ளிகள் எண்ணத்தக்கவையாய், உப்புப் பரல் போன்றிருக்கும். வெல்வெற் நோயிற் காணப்படுவது அதனினும் நுண்ணிய, மாத்தூள் அல்லது பொற்றூள் படிந்தாற் போன்ற படலம். மீனைப் பக்கவாட்டில் ஒளிபடுமாறு நோக்கினால் மட்டுமே அது புலப்படும். அப்படலம் தெரியுமுன்னரே செவுள்கள் தாக்கப்பட்டுவிடும். மீன் விரைவாக மூச்சுவிடும், நீரிறைக்கும் பம்பியின் எதிரே ஓட்டத்தில் முகங்கொடுத்து நிற்கும், ஒளியை வெறுக்கும், இரையை மறுக்கும். அமிலோடினியம் என்னும் இவ்வொட்டுண்ணியின் ஒரு சிறைப்பையிலிருந்து 256 வரையான சிற்றுயிர்கள் வெளிவரலாம். வெண்புள்ளி நோய் கிழமைக் கணக்கிற் கொல்வதெனின், வெல்வெற் நோய் நாட்கணக்கிற் கொல்லும். மூச்சுத் திணறும் மீனைக் கண்டபின் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருத்தல் ஆகாது. இவையன்றித் தோலிலும் கண்ணிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களும் உண்டு. தொட்டி நீரின் வெப்பமும் காரத்தன்மையும் உடையதாக்கிய நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை வைத்தால் அப்புழுக்கள் வெண்ணிறமாகி உதிர்வதைக் காணலாம். தோலுக்கடியிலுள்ள வெண்புள்ளி ஒட்டுண்ணிக்கு அந்த ஐந்து நிமிடக் குளிப்பு ஒரு பொருட்டன்று.

வெண்புள்ளி நோய்க்கு ஏற்ற வழிகள் மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது, மருந்தே இல்லாத வழி. சிறைப்பை வெடிக்கக் குறைந்தது மூன்று நாள் வேண்டும் என்னும் உண்மையைக் கொண்டு இது வகுக்கப்பட்டது. மீனை ஒரு வெறுந்தொட்டியில் விட்டு, மூன்று நாள் முடியுமுன் வேறொரு வெறுந்தொட்டிக்கு மாற்றுவர். அதற்குள் மீனைவிட்டு இறங்கிய ஒட்டுண்ணிகள் பழைய தொட்டியிற் சிறைப்பட்டுக் கிடக்கும். பழைய நீரை ஊற்றிவிட்டுத் தொட்டியையும் அதிலிருந்த குழாய், வலை முதலியவற்றையும் கழுவி வெயிலில் நன்றாக உலர்த்துவர். ஈரம் வற்றினாற் சிறைப்பை இறக்கும். இவ்வாறு மூன்று நாளுக்கு ஒருமுறையாக நான்கு முறை மாற்றினால், மீனில் இருந்தவை யாவும் இறங்கித் தீர்ந்துவிடும். புதியவை ஏறுவதற்கு வாய்ப்பில்லை. இரண்டு வாளிகளும், அளவுக்கு நீரும், நாளை மறவாத ஒழுங்கும் இருந்தாற் போதும். ஒழுங்குதான் கடினம். நான்காம் நாளுக்குத் தள்ளிவைத்தால் முழு முயற்சியும் வீணாகலாம். வெல்வெற் நோய்க்கு இம்முறை ஏற்றதன்று; அதன் பருவங்கள் இதனினும் விரைந்தவை.

இரண்டாவது, உப்பைக் குறைக்கும் வழி. கடல்நீரின் தன்னீர்ப்பு ஏறக்குறைய 1.025 ஆகும். இதனை இரண்டு மூன்று நாளிற் படிப்படியாக 1.009 வரை தாழ்த்தி, நான்கு கிழமை அவ்வாறே வைத்திருத்தல் வேண்டும். இஸ்ரவேல் ஆய்வாளர் கொலோர்ணி 1985 இல் வளர்ப்பு மீன்களில் இவ்வழியைப்பற்றி எழுதியபின் இது பரவலாயிற்று. என்புமீன்கள் கடல்நீரைக் குடித்து மிகை உப்பை இடைவிடாது வெளியேற்றுபவை ஆதலின், உப்புக் குறைந்த நீர் அவற்றின் உழைப்பைக் குறைத்து ஆறுதல் அளிக்கும். சுறா, திருக்கை இனங்களுக்கும் முதுகெலும்பற்றவற்றுக்கும் இது நஞ்சாகும். தன்னீர்ப்பு 1.011 அல்லது 1.012 இற்கு ஏறிவிட்டாற் பயன் கெடும். மலிவான பிளாத்திக்கு நீரமானிகள் இவ்வளவு நுட்பமாகக் காட்டுவதில்லை. ஒளிமுறிவுமானி ஒன்றைக் கொள்ளுதல் தகும். உப்புக் குறைவைத் தாங்கும் ஒட்டுண்ணி வகைகள் தாய்வானிலும் பிற இடங்களிலும் கண்டறியப்பட்டுள்ளன என்பதையும், வெல்வெற் நோயின் ஒட்டுண்ணி உப்புக் குறைவைப் பொருட்படுத்தாது என்பதையும் மறவாது இவ்வழியைக் கைக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, செம்பு. இது பழையது, இரு நோய்களுக்கும் ஏற்றது, அளவு தவறினால் மீனையே கொல்வது. செம்பு தோலுக்கடியில் இருப்பதையும் சிறைப்பைக்குள் இருப்பதையும் தீண்டாது. நீந்தித் திரியும் சிற்றுயிரை மட்டுமே கொல்லும். எனவே செம்பு நீரில் ஒரு நாளும் குறையாமல் இருக்க வேண்டும்; கடைசிச் சிறைப்பை வெடிக்கும்வரை காவல் நிற்க வேண்டும். வேண்டிய செறிவு ஓர் இலீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. அதனினும் குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். மிகுந்தால் மீன் துன்புறும். இவ்வளவு எத்துணைச் சிறிதென்பதற்கு ஓர் உதாரணம்: நாற்பது இலீற்றர் நீருக்கு வேண்டிய செம்பு 8 மில்லிகிராமே. நீலத் துத்தம் எனப்படும் செப்புச் சல்பேற்றுப் பளிங்கில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு செம்பு. எனவே 32 மில்லிகிராம் துத்தம் போதும். விரலிடுக்கில் எடுக்கும் ஒரு சிட்டிகை அதனைப் பன்மடங்கு விஞ்சிவிடும். கண்மட்டத்துக்குத் துத்தம் இட்டுப் பெறுமதி மிக்க மீன்களை ஒரே இரவிற் பறிகொடுத்தோர் உண்டு. தூய துத்தம் நான்கு கிராமை ஓர் இலீற்றர் வடித்த நீரிற் கரைத்தால், அக்கரைசலின் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் செம்பு இருக்கும். அதில் எட்டு மில்லிலீற்றரை ஒரே தடவையில் ஊற்றாது, இரண்டு நாளிற் பகிர்ந்து ஊற்றி, சோதனைப் பெட்டி கொண்டு நாளுக்கு இருமுறை அளந்துகொள்ள வேண்டும். கடைகளில் விற்கும் செப்பு மருந்துகளிற் சிலவற்றின் அளவு வேறாகும். அவற்றுக்கு அவற்றின் சீட்டிலுள்ள அளவே பிரமாணம்.

மருத்துவத் தொட்டியில் முருகைக்கல்லும் மணலும் சிப்பியோடும் இருத்தல் ஆகாது. அவை செம்பை உறிஞ்சிக்கொள்ளும். இறால், நண்டு, சங்கு, கடற்சாமந்தி, முருகை என்பன செம்பு நீரில் உயிர்வாழா. ஆதலாலேயே பிரதான தொட்டியிற் செம்பை ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. சர்க்கரை நோயாளிக்கு எல்லா மருந்தும் ஒவ்வாதது போல, சத்திரவைத்திய மீன், வண்ணத்துப்பூச்சி மீன் போன்ற சில இனங்கள் செம்புக்கு விரைவில் வாடுவதும் உண்டு. அத்தகையவற்றுக்குக் குளோரோகுயின் பயன்படுத்தப்படுகிறது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்டதனால் இலங்கையின் மூத்த தலைமுறையினர் நன்கறிந்த மருந்து இது; 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இத்தீவை மலேரியா அற்ற நாடென அறிவித்தபின் அதன் பெயர் அரிதாகவே காதில் விழுகிறது. இதனை மிருகவைத்தியரின் ஆலோசனையுடன் மட்டுமே பயன்படுத்துதல் வேண்டும்.

வெறுந்தொட்டியில் நோயினும் விரைவிற் கொல்லக்கூடிய பகையொன்று உண்டு. அஃது அமோனியா. பழைய தொட்டியில் மீனின் கழிவை மாற்றும் பற்றீரியாக்கள் மணலிலும் பாறையிலும் குடியிருந்தன. புதுத் தொட்டியில் அவை இல்லை. ஆகவே பிரதான தொட்டியில் எப்பொழுதும் ஒரு கடற்பஞ்சு வடியை மேலதிகமாக வைத்திருந்து, வேண்டியபோது அதனை மருத்துவத் தொட்டிக்கு எடுத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. அஃதில்லையேல் நாள்தோறும் நீரிற் பாதியை மாற்றி, மாற்றிய நீருக்குரிய செம்பைச் சேர்க்க வேண்டும். அமோனியாவை அடக்கும் சில நீர்மருந்துகள் செம்போடு சேர்ந்தால் அதன் நச்சுத்தன்மையை மிகுவிக்கும். இரண்டையும் ஒன்றாக இடலாகாது. மீன் ஒளிந்திருக்கப் பி. வி. சி. குழாய்த் துண்டுகள் போதுமானவை.

இனிப் பிரதான தொட்டி. அதில் மீனில்லை, முருகைகளும் இறால்களும் நத்தைகளும் வாழ்கின்றன. ஒட்டுண்ணி அவற்றை உண்பதில்லை. வெடிக்கும் சிறைப்பை ஒவ்வொன்றிலிருந்தும் வெளிவருவன மீனைத் தேடி, காணாது, ஒரு நாளுக்குள் மடிகின்றன. இருபத்தெட்டு நாளிற் பெரும்பகுதி தீரும். ஆறு கிழமை காத்திருப்போர் பலர். முன்னர்க் கூறிய 72 நாட் சிறைப்பையை நினைவிற்கொண்டு பதினொரு கிழமை காத்திருப்போரும் உளர். பின்னையோரின் வழியே உத்தமம். இடையில் ஒரு மீனையேனும் உள்ளே விட்டால், எண்ணிக்கையை மறுபடி முதலாம் நாளிலிருந்து தொடங்க வேண்டும். பாறையிடுக்கில் எவரும் அறியாது தங்கிவிட்ட ஒரு சிறு மீனும் அவ்வாறே முழு முயற்சியையும் கெடுக்கும். பற்றீரியாக்கள் பட்டினியால் அழியாதிருக்க, இரண்டு நாளுக்கு ஒருமுறை சிறிதளவு இரையை இறால்களுக்கு இட்டுவரலாம்.

இத்துணை அல்லலையும் முதலிலேயே தவிர்ப்பதற்கு, புதிதாய் வரும் மீனை உடனே தொட்டியில் விடாது தனிப்படுத்தி வைத்தலே வழி. பண்டை வெனிசு நகரத்தார் கொள்ளைநோய்க் காலத்திற் கப்பல்களை நாற்பது நாள் துறைக்கு வெளியே நிறுத்தினர். தனிப்படுத்தலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் அந்த நாற்பதிலிருந்து வந்தது. மீன்களுக்கும் அதனை ஒத்த காலமே பொருந்துகிறது. குறைந்தது முப்பது நாள், சிறு வெறுந்தொட்டியில், இரை தின்னப் பழக்கி, நாள்தோறும் நோக்கிவர வேண்டும். புள்ளி தெரியவில்லை என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. செவுளில் ஒன்றிரண்டு மறைந்திருக்கலாம். சில கடைகளில் எல்லாத் தொட்டிகளிலும் குறைந்த அளவு செம்பை இட்டுவைப்பர். அங்கு மீன் புள்ளியின்றி இருந்து, வீட்டுக்கு வந்தபின் நோயை வெளிக்காட்டுவது இதனாலேயாம். ஆகவே, முன்கூறிய, மூன்று நாளுக்கு ஒருமுறையான நான்கு மாற்றங்களையோ செம்பையோ நோய் தெரியாதபோதும் செய்துவிடுவது அனுபவமுள்ளோர் வழக்கம். இந்து சமுத்திரத்துக்கே உரிய தூள்நீலச் சத்திரவைத்திய மீன் இதில் முதலிடம் பெறும். அழகிற் சிறந்த அம்மீனைப்போல் வெண்புள்ளிக்கு விரைவில் இலக்காவது வேறொன்றைக் காண்பது அரிது.

மீன் மட்டுமே நோயைக் கொணரும் என எண்ணற்க. கடைத் தொட்டியில் இருந்த நத்தையின் ஓட்டிலும், நண்டின் முதுகிலும், முருகை ஒட்டியுள்ள கல்லிலும் சிறைப்பை ஒட்டியிருக்கலாம். அவற்றையும் மீனில்லாத வேறொரு தொட்டியில் அவ்வளவு காலம் வைத்தெடுத்தல் நலம். கடைப்பையின் நீரை வீட்டுத் தொட்டியில் ஊற்றலாகாது. ஒரு தொட்டியில் நனைத்த வலையையும் கையையும் உலர்த்தாது மற்றத் தொட்டியில் இடலாகாது. காற்றுக்குமிழிகள் உடைந்து எழும் நுண்துளிகளின் மூலமும் ஒட்டுண்ணி பரவலாம் என்பது ஆய்விற் காட்டப்பட்டுள்ளமையால், தனிப்படுத்தும் தொட்டி வேறோர் அறையில் இருப்பது நன்று. கடற்கரை ஊர்களில் உள்ளோர் கடல்நீரையே அள்ளிவருவர். துறைமுகத்துக்கும் ஆற்றுமுகத்துக்கும் தொலைவில் அள்ளி, வடித்து, மூடிய கலத்தில் இருளிற் சில கிழமை வைத்தபின் பயன்படுத்த வேண்டும்.

ஒட்டுண்ணி எத்தொட்டியிலும் என்றும் இருக்கும், மீனை நன்கு பேணினால் நோய் தலையெடாது என்று வாதிப்போரும் உளர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. நோயிலிருந்து மீண்ட மீனுக்குச் சில மாதங்கள் நீடிக்கும் எதிர்ப்புச்சக்தி உண்டாவது ஆய்வுகளால் நிறுவப்பட்டதே. நல்ல இரையும் தூய நீரும் நெருக்கமின்மையும் அதனைப் பேணும். ஆயின் அத்தகைய தொட்டியின் அமைதி கடன்பட்டவனின் அமைதியை ஒத்தது. 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் மின்சாரம் பல மணிநேரம் தடைப்பட்டபோது நிகழ்ந்ததைப் போல, பம்பி நின்று நீரில் ஒட்சிசன் குன்றி மீன்கள் தளரும் ஒரு நாள் வந்தால், அதுவரை அடங்கியிருந்த ஒட்டுண்ணி அன்றே பெருகத் தொடங்கும். ஒட்டுண்ணியே புகாத தொட்டி மின்தடையால் வருந்தினும் வெண்புள்ளியால் அழியாது. எவ்வாறாயினும் மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப்பம்பி ஒன்று வீட்டிலிருத்தல் வேண்டும்.

பதினொரு கிழமையும் கழிந்தபின் மீன்களை மீட்டு விடும் நாளில் அவசரம் வேண்டாம். மருத்துவத் தொட்டியின் உப்பளவைப் பல நாளிற் சிறிது சிறிதாக உயர்த்திப் பிரதான தொட்டியின் அளவுக்குக் கொணர்தல் முதல் வேலை. செம்பு கலந்த நீரில் ஒரு துளியும் மீனோடு சேர்ந்து போகாதபடி, வலையால் எடுத்து விடுதல் அடுத்தது. விளக்கை அணைத்துவிட்டு, மெலிந்த மீனை முதலிலும், பிறவற்றை விரட்டும் முரட்டு மீனைக் கடைசியிலும் விடவேண்டும். எஞ்சிய செம்புநீரைக் கிணற்றடியிலோ களப்பிலோ கடலிலோ ஊற்றாது, அந்தத் தொட்டியைக் கழுவி வெயிலிற் காயவைத்து, அடுத்துக் கடையிலிருந்து வரப்போகும் மீனுக்காக எடுத்துவைக்கலாம்.